சாம்பல் நிற வேகனுக்கு ஒன்பதாம் நாள்

இருபத்தாறு வருஷம் ஃபாக்டரியில் கோட்டுக்குக் கை வைத்துத் தைத்தவள் நான். துணியில் ஒட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என் தலையில் ஒட்டுப் போட்ட வண்டியைக் கட்டிவிட்டான் பழைய வண்டி வியாபாரி வெலிச்கோ. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஃபாக்டரியை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்று வயதில், எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நகராட்சிச் சமையற்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டை மேலே ஐந்து மலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட, தனியாகக் கிடக்கிற முப்பத்தொரு வயதானவர்கள். பீன்ஸ் சூப், ரொட்டி, புதன்கிழமை மட்டும் கறி உருண்டை. வண்டி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதற்காகத்தான் நானும் என் புருஷன் லூபெனும் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துக்கொண்டு வெலிச்கோவின் முற்றத்துக்குப் போனோம்.

மாவட்டத் தலைநகரில் சந்தைத் தெருவில் இருக்கிறது அந்த முற்றம். மேலே வண்ணக் கொடிகள், கீழே வரிசையாகப் பளபளவென்று வண்டிகள். வெலிச்கோ ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் ராக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு சாம்பல் நிற வேகன் காரின் முதுகைத் தட்டினான்.

"அக்கா, இதை ஒரு ஜெர்மன்கார டாக்டரம்மா வச்சிருந்தா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவா, வருவா. அவ்வளவுதான். பின்சீட்டுல ஒரு ஆள் உக்காந்தது கிடையாது."

இந்த நாட்டில் விற்கிற எல்லாப் பழைய வண்டியையும் ஏதோ ஒரு ஜெர்மன்கார டாக்டரம்மாதான் சர்ச்சுக்கு ஓட்டியிருக்கிறாள். இது எங்களில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினேன். ஆசைப்பட்டுவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது.

அடுத்த தப்பை நோட்டரி அலுவலகத்தில் செய்தோம். நாங்கள் கொடுத்தது ஆறாயிரத்து இருநூறு லெவா. பத்திரத்தில் எழுதியது ஐந்நூறு. எங்கள் ஊரில் யாருமே நிஜ விலையை எழுத மாட்டார்கள். விலை ஏற ஏறக் கட்டணமும் ஏறும், எதற்கு வீணாக அழ வேண்டும் என்பார்கள். "அந்த மிச்சத்துல மீன் வாங்கிச் சாப்பிடுங்க அக்கா" என்றான் வெலிச்கோ. நோட்டரியும் சிரித்தார், நானும் சிரித்தேன். முற்றத்திலிருந்து வண்டி கிளம்பும்போது அவன் மனைவி நெவேனா ஓடிவந்து, பயணம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று சக்கரத்துக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

பத்தொன்பது நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் மூன்றாவது கிராமத்துக்கு மேலே, சூப் பாத்திரங்களோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் முதுகுக்குப் பின்னால் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்கதவைத் திறந்தால் மூட முடியவில்லை. கதவு அப்படியேதான் இருந்தது, அதைச் சுற்றி இருக்கிற வண்டிதான் கோணிப் போயிருந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஸ்பாஸ் வண்டியை லிஃப்டில் ஏற்றினான். பின்சீட்டைக் கழற்றி, கீழே இருந்த கம்பளத்தைக் கிழித்தான்.

"டோன்கா அக்கா, இங்க வா. நீயே பாரு."

பார்த்தேன். தரைத்தகட்டில் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே, குறுக்கே ஒரு வெல்டிங் கோடு. மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பட்டி விரிந்து கோடு வாயைப் பிளந்திருந்தது. கண்ணாடிகளின் மூலையில் தயாரித்த வருஷத்தைச் சொல்லும் சின்ன எழுத்துகளை ஸ்பாஸ் டார்ச் அடித்துக் காட்டினான். முன்கண்ணாடி 2006. பின்கண்ணாடி 2011.

"முன்னாடி அடிபட்ட வண்டி ஒண்ணு, பின்னாடி அடிபட்ட வண்டி ஒண்ணு. நல்லா இருந்த ரெண்டு பாதியையும் சேர்த்துட்டானுங்க. எதுலயாவது முட்டினா முன்சீட்டுக்காரங்க ஒரு ஊருக்கும் பின்சீட்டுக்காரங்க வேற ஊருக்கும் போவாங்க."

"சரி பண்ண முடியாதா?"

"இதையா? அக்கா, இது வண்டியே இல்ல. ரெண்டு விபத்து."

கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டை எட்டி உதைத்தேன்.

என் கொழுந்தன் ஆசென் தன் வேனைக் கொடுத்தான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அதன்பிறகு அவன் ஆலிவ் பறிக்கக் கிரீஸுக்குக் கிளம்புகிறான். திங்கட்கிழமை வண்டி இல்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். வேனோடு சேர்த்து ஆசென் புத்திமதியும் கொடுத்தான்.

"இதுக்குப் போய் ஏன் அண்ணி அழுதுட்டு இருக்கீங்க? மறுபடி பட்டி பூசி, கம்பளத்தைப் போட்டு, வேற எவன் தலையிலயாவது கட்டுங்க. உங்க தலையில கட்டின மாதிரிதான். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே."

லூபென் தட்டையே பார்த்துக்கொண்டு, "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார்.

"எது நியாயம்? பின்சீட்டுல புள்ளைங்கள வச்சு ஓட்டுவாங்க லூபென்."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்போ" என்று அவர் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். என் புருஷன் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் அவருக்குக் கோழி ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான்.

மறுநாள் மாவட்டத் தலைநகரில் ஒரு வக்கீலிடம் போனேன். பத்திரத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேஸ் போடலாம்மா. ரெண்டு வருஷம் ஆகும். ஜெயிச்சா ஐந்நூறு லெவா வாங்கித் தரேன்."

"நான் ஆறாயிரத்து இருநூறு கொடுத்தேன்."

"கொடுத்தீங்க. ஆனா ஐந்நூறுதான் கொடுத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. என் ஃபீஸே அதைவிட அதிகம்மா."

வெலிச்கோவுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, போறப்ப நல்லாத்தானே போச்சு. நீ எந்தப் பள்ளத்துல விட்டியோ" என்றான். இரண்டாவது தடவை அடித்தபோது எடுக்கவில்லை.

வக்கீல் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். எங்கள் நாட்டில் யாராவது செத்தால் கறுப்புக் கரை போட்ட வெள்ளைத்தாளில் படமும் பேரும் அச்சடித்து வீட்டுக் கதவில், கரண்டுக் கம்பத்தில், மரத்தில் எல்லாம் ஒட்டுவோம். எத்தனை அவசரமாகப் போகிறவனும் ஒரு நிமிஷம் நின்று யாரென்று பார்ப்பான். பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டு அஞ்சலித் தாள்கள் இருந்தன. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே செல்ஃபோன் கம்பெனியின் பெரிய விளம்பரம். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் பஸ்ஸில் ஏறவில்லை. நேராக யோர்டான்காவின் ஈமச்சாமான் கடைக்குப் போனேன். அவள்தான் ஊருக்கே அஞ்சலித் தாள் அச்சடிப்பவள்.

"அடக் கடவுளே, யாரு டோன்கா?"

"என் வண்டி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கதையைச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"மேல என்ன போடட்டும்? சிலுவையா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களுக்குப் போடற நட்சத்திரமா?"

"ஒண்ணும் போடாத. முன்பாதி எந்த மதமோ, பின்பாதி எந்த மதமோ."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய சாம்பல் நிற வேகன், முன்பாதி பிறப்பு 2006, பின்பாதி பிறப்பு 2011, எங்கள் வீட்டுக்கு வந்த பத்தொன்பதாம் நாள் இடுப்பு ஒடிந்து காலமானது. உடல் சந்தைத் தெருவில், கொடி கட்டிய முற்றத்துக்கு எதிரே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. துயரத்தில் வாடும் டோன்கா, லூபென் மற்றும் சூப்புக்குக் காத்திருக்கும் முப்பத்தொரு பேர்.' வெலிச்கோ பேரை எழுதவில்லை. எழுதினால் கேஸ் போடுவான். எழுதாவிட்டால் ஊரே சொல்லும்.

நூறு தாள். யோர்டான்கா காசு வாங்க மறுத்துவிட்டாள். அவள் மருமகனும் சந்தைத் தெருவில் வண்டி வாங்கியவன்.

ஸ்பாஸ் வேகனைக் கட்டி இழுத்துப்போய் வெலிச்கோவின் வாசலுக்கு நேர் எதிரே, தெருவோரமாக விட்டான். பொதுத் தெரு, என் பேரில் இருக்கிற வண்டி, யார் கேட்பது. பின்சீட்டைத் திரும்ப மாட்டாமல், வெல்டிங் கோடு தெரிகிற மாதிரி நான்கு கதவையும் திறந்து வைத்தோம். பிறகு நான் பசை வாளியோடு தெருத் தெருவாகப் போனேன். கம்பம், மரம், சந்தை, நோட்டரி ஆபீஸ் வாசல், கடைசியாக வெலிச்கோவின் கேட்.

மறுநாள் வெலிச்கோ என்னைத் தெருவில் மறித்தான்.

"கேட்ல சாவுத்தாள் ஒட்டறியே அக்கா, உனக்குக் கடவுள் பயம் இல்ல? நெவேனா ராத்திரியெல்லாம் தூங்கல. இது அவதூறு. போலீஸுக்குப் போவேன்."

"போ. இதுல எந்த வரி பொய்யின்னு காட்டு, நானே கிழிக்கிறேன்."

அவன் தாளைப் படித்தான். எத்தனையாவது தடவையோ. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

சூப் கொடுத்துவிட்டு மத்தியானம் தினமும் அங்கே போய் நின்றேன். கூட்டம் வந்தது. குனிந்து கோட்டைப் பார்த்தார்கள், தலையைத் தலையை ஆட்டினார்கள். யாரோ பானெட் மேல் இரண்டு கார்னேஷன் பூ வைத்துவிட்டுப் போனார்கள். சாவுக்கு வைப்பதுபோல் இரட்டைப்படையாக. அடுத்த நாள் பார்த்தால் பதினான்கு. வெலிச்கோவின் முற்றத்துக்கு வண்டி வாங்க வந்தவர்கள் தாளைப் படித்துவிட்டு, எதிரே வந்து பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறினார்கள்.

வண்டி ஒடிந்த ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. சாவு வீட்டில் ஒன்பதாம் நாளுக்குச் செய்வதை நானும் செய்தேன். கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட் தூளும் போட்டு, பேப்பர் கப்புகளில் நிரப்பி எடுத்துப்போனேன். லூபென் தட்டைப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பார்த்தபடி நின்றார். வெலிச்கோவின் கேட்டருகில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். செத்தவர்களுக்காகக் கொடுக்கிற கோதுமையை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கி, 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்லித்தான் சாப்பிட வேண்டும்.

நெவேனா வெளியே வந்தாள். நான் ஒரு கப்பை நீட்டினேன். அவள் வாங்கினாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வெலிச்கோ, இந்தப் பொம்பளைக்குக் காசைக் கொடுத்துத் தொலை" என்றாள்.

அவன் பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்தான். "ஆறாயிரத்து இருநூறு. முழுசா. தாளையெல்லாம் கிழிச்சுடு, சாவியைக் கொடு, நாம பிரச்சினை இல்லாம பிரிஞ்சுடலாம்."

லூபெனின் கை கவரை நோக்கி நீண்டது. அதற்குள் முற்றத்து வேலையாள் ஒருவன் வாளித் தண்ணீரோடு வந்து வேகன் மேலிருந்த பூக்களைத் தள்ளிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தான். நல்ல சுத்தமாகத் துடைத்தான்.

"இதை என்ன பண்ணப் போற?" என்றேன்.

"அது உனக்கெதுக்கு? கடல் பக்கம் அனுப்பிடுவேன். கவலைப்படாத, உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க."

நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"முதல்ல இதை வெட்டு. அந்தக் கோட்டுலயே. என் கண்ணு முன்னாடி."

"பைத்தியமா உனக்கு? வெட்டினா இது பழைய இரும்பு."

"இப்பவும் அதுதான்."

அவன் முகம் மாறியது. யாவாரக்காரன் முகம் திரும்ப வந்தது. "வெட்டணும்னா மூவாயிரம். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. முழுசா வேணும்னா முழு வண்டியைக் கொடு."

மூவாயிரம். ஸ்பாஸின் கொல்லையில் இரண்டாயிரத்தெண்ணூறுக்கு ஒரு வண்டி நின்றது. இருபத்தைந்து வருஷப் பழசு, ஹீட்டர் கிடையாது, ஆனால் முழு வண்டி. அதில் போனால் பனிக்காலத்தில் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மிச்ச மூவாயிரத்து இருநூறு லெவா லூபெனும் நானும் எத்தனை வருஷம் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் சாவியைத் தடவிப் பார்த்தேன்.

"யாருக்காக அக்கா இதெல்லாம்?" வெலிச்கோ குரலைத் தாழ்த்திக் கேட்டான். "வாங்கப் போறவன் உனக்கு யாரு?"

"தெரியாது. நீ என்கிட்ட விக்கறப்ப நான் உனக்கு யாரு? மூவாயிரத்தைக் கொடு, வெட்டு."

அவன் கவரிலிருந்து மூவாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் திணித்தான். வேலையாளைப் பார்த்துக் கையை வீசினான். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயிருந்து வயரை இழுத்துக்கொண்டு கட்டிங் மிஷினோடு வந்தான்.

தெரு முழுக்க நின்று பார்த்தது. தீப்பொறி பறந்தது, பட்டி உதிர்ந்தது. வெல்டிங் கோடு அவனுக்கு அதிக வேலை வைக்கவில்லை. தரைத்தகடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திறந்து, நடுவில் தார்ரோடு தெரிந்தது. ஆனால் வண்டி இன்னும் ஒரே துண்டாகத்தான் நின்றது. வேலையாள் மிஷினை நிறுத்திவிட்டு வெலிச்கோவைப் பார்த்தான்.

"போதும்" என்றான் வெலிச்கோ. "பார்த்தாச்சுல்ல. சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் லூபென் கோதுமைத் தட்டைத் தரையில் வைத்தார். முப்பது வருஷத்தில் தெருவில் நின்று அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"கூரை இன்னும் இருக்கு தம்பி" என்றார். "அதையும் வெட்டு."