ஷெட்டில் இருந்த சக்களத்தி

என் அண்ணன் நெவில் இறந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தயத் திடலில் ரொட்டிக்குள் சாஸேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துத் தின்றுவிட்டு, விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அதே நேரம் வீட்டு ஷெட்டில் அவன் விட்டுவந்திருந்த நைட்ரோ கார், டாங்கில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் தானாகவே ஸ்டார்ட் ஆகி உறுமியது. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்கில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அதிசயப்படவில்லை. அன்று முதன்முறையாக அவன் பாட்டரிக் காரை எடுத்துப்போயிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

நைட்ரோ கார் முழங்கை நீளம்தான். ரிமோட்டுக்கு ஓடும், மெதனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடிக்கும். இருபது வருடமாகப் பந்தய நாட்களில் அதன் புகை ஷெட்டின் கதவிடுக்கு வழியாக வந்து, படுக்கையில் நெவிலுக்கும் அவன் மனைவி கோரலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக்கொள்ளும். கோரல் ஜன்னலைத் திறந்தால் அவள் பக்கத்துப் போர்வையை இழுத்துக்கொள்ளும். எஞ்சின் சூடு சரிதானா என்று பார்க்க நெவில் அதன் தலையில் எச்சில் துப்பி, அது சுண்டுவதைக் கவனிப்பான். ஓட்டி முடித்ததும் உள்ளே துருப்பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் சாப்பிட வருவான். திருமண நாளன்றும் அப்படியே.

"எனக்குக் காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாத்திருக்கியா? அவளுக்கு மட்டும் தலைச்சூடு பாக்குற, எண்ணெ விடுற. போயி அவகூடவே குடும்பம் நடத்து!" என்பாள் கோரல்.

"துப்பணும்னு ஆசையா இருந்தா உனக்கும் துப்புறேன், வா," என்பான் அவன்.

அவனுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் பாட்டரிக் கார் வாங்கிக் கொடுத்தாள். சத்தமில்லை, புகையில்லை, சமையலறை மேடையில், அவள் கண்ணெதிரே சார்ஜ் ஏறும். முதல்முறை ஏறியபோதே ஷெட்டிலிருந்த நைட்ரோ வீட்டுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டது. மறுவாரம் பாட்டரிக் காரின் திருகுகள் எல்லாம் கழன்று சர்க்கரைக் கிண்ணத்தில் கிடந்தன. கோரல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடுக்கினாள். "எரியுதா? இத்தன வருஷம் எனக்கு எரிஞ்சது இப்ப உனக்கு எரியட்டும்," என்று ஷெட்டைப் பார்த்துக் கத்தினாள். பிறகு நெவிலிடம் வந்தாள். "அவளா நானான்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடு. இல்லன்னா கெய்ர்ன்ஸுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"ரெண்டயும் ஓட்டினா என்ன?"

"ரெண்டையும் ஓட்டித்தானே என்னை இப்படி ஆக்கினே."

நெவில் பாட்டரிக் காரை எடுத்தான். கோரலும் நானும் அவனோடு திடலுக்குப் போனோம். அது இரண்டாவதாக வந்தது. அதைத் தூக்கி, பழக்க தோஷத்தில் மோட்டார்மேல் எச்சில் துப்பினான். திடலே சிரித்தது. "யோவ் நெவ், அது மின்சாரம்யா! முத்தம் கித்தம் குடுத்துராத, ஷாக் அடிக்கும்," என்றான் பக்கத்து மேசையில் தன் காரைத் தயார்செய்துகொண்டிருந்த பாரி. கோரல் சிரிக்கவில்லை. "இன்னும் அவ நெனப்புதானா?" என்றாள். அவன் கேட்ட கடைசி வார்த்தை அது. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் கவிழும் கார்களை நிமிர்த்துவதற்கு வளைவில் போய் நிற்க வேண்டும். நெவில் போய் நின்றான். யாருடைய காரையோ நிமிர்த்திவிட்டான். பிறகு அங்கேயே மண்ணில் படுத்துக்கொண்டான். மாரடைப்பு என்றார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோதும் நைட்ரோ உறுமிக்கொண்டிருந்தது. கோரல் என்னை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் போனாள். "உன்கிட்டயும் சொல்லணும்ல," என்று அவள் அதனிடம் சொல்வது கேட்டது. எஞ்சின் விக்கி விக்கி நின்றது.

பாட்டரிக் காரைப் பாரியிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் நைட்ரோ தானாக ஸ்டார்ட் ஆகிறது. கோரல் தேநீர்க் கோப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இரண்டு பேரும் அவனைப் பற்றி மதியம்வரை பேசுகிறார்கள். கூடப் பிறந்தவள் நான். எனக்கும் ஒரு நாற்காலி போடலாம். கதவைத் தட்டினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. "உம்மேல கோவமெல்லாம் இல்ல பெரில், அவளுக்குக் கூச்சம்," என்கிறாள் கோரல்.

நெவில் இருந்த காலத்திலும் நான் போனால் அது நின்றுவிடும்.