யேசுதாஸின் தொண்டையில் மேரியின் குரல்

உள்ளாட்சித் தேர்தலில் பொது வார்டில் தனக்குச் சீட்டு வேண்டும் என்று ஜெனிபர் கேட்டாள். கட்சி ஆபீஸில் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுடைய அப்பா யேசுதாஸ் வழிநெடுக எச்சரித்திருந்தார், அதுவும் அவளுடைய அம்மாவின் குரலில். அவருக்குச் சொந்தக் குரலும் உண்டு; அது வீட்டுக்கு. கட்சி விஷயம் என்றால் மேரியின் குரல்தான் வரும்.

போன தேர்தலில் வந்த குரல் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய, இந்த முறை பொதுவாகிவிட்ட அந்த வார்டு அப்போது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், கட்சி மேரியை ஒன்றியக் கவுன்சிலருக்கு நிறுத்தியது. ஜெயித்ததும் வழக்கப்படி வெற்றி மாலையைப் புருஷன் கழுத்தில் போட்டார்கள். மேரி நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். நன்றி யேசுதாஸின் வாயிலிருந்து, பெண் குரலில் வந்தது. கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு மேரிக்குப் பேச்சு வரவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். அதே தேர்தலில் ஜெயித்த கல்பனாவுக்கும் செண்பகத்துக்கும் அவரவர் வார்டில் அப்படியே ஆனது. ஒன்றியக் கூட்டத்தில் மீசை வைத்த ஆண்கள் பெண் குரலில் குடிநீர்க் குழாய் கேட்டார்கள், ரோடு காண்ட்ராக்ட் பேசினார்கள். குரல் மனைவியுடையது என்பதால் அதிகாரிகளும் ஆட்சேபிக்கவில்லை. கம்பெனிப் புகையைப் போல ஊர் இதையும் பழகிக்கொண்டது. வீட்டில் முதல் பட்டதாரியான ஜெனிபருக்குத்தான் பழகவில்லை. அம்மா ஜெபிக்கும்போது உதடு மட்டும் அசைவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவாள்.

ஒன்றியச் செயலாளர் சந்திரமோகன் சிரித்தார். ஏரிப் பாசனத்தில் பாதி வயல் அவருடையது.

“பொதுன்னா இன்னான்னு நெனச்ச? ஆம்பளைங்களுதுன்னு அர்த்தம்மா. ஒங்களுக்குத்தான் லேடீஸ் வார்டு தனியா குடுத்துக்கிறாங்களே. பக்கத்து வார்டு இந்த வாட்டி லேடீஸ், அதுல நில்லு.”

“பொதுன்னா எல்லார்துந்தான் சார். ஆம்பளைன்னு சட்டத்துல எங்க எழுதிக்குது? காட்டுங்க.”

“பி.ஏ. படிச்சிட்டா இப்டித்தான். யோவ் யேசுதாஸ், பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. மாலைய யாருக்குப் போடுறது, ஒனக்கே போட்றலாமா?”

யேசுதாஸ் தொண்டையைத் தடவினார். இன்னொரு குரலுக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, “ஒத்துக்கோ கண்ணு, அம்மா சொல்றேன்ல,” என்றார். காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா நெற்றியில் கை வைத்துப் பேசிய அதே குரல். சொன்னது அம்மாவா அப்பாவா என்று ஜெனிபரால் பிரிக்க முடியவில்லை.

“நைனா, அந்தக் கொரல்ல இனிமே என்னாண்ட பேசாத.”

“அப்போ கட்சி சீட்டு வேணாம், சுயேச்சையா நிக்கப் போறியா?” என்றார் சந்திரமோகன். “நில்லு. ஜெயிச்சாலும் கொரல் போவும். மாலை போடலன்னா எந்த ஊரு ஆம்பள தொண்டையில போய்க் குந்துமோ, யாருக்குத் தெரியும்? தேடிக்கினு திரிய வேண்டியதுதான்.”

பொய் மிரட்டல் இல்லை. அத்திப்பட்டுப் பக்கம் ஒருத்தியின் குரல் இப்போது ஒரு லாரி டிரைவரிடம் இருக்கிறது. அவன் அதில் கிளீனரைத் திட்டுகிறான்.

குரல் இருக்கிற வரை பேசுவது, அது போனால் போன இடத்துக்கே போய்த் திருப்பிக் கேட்பது என்று ஜெனிபர் நேற்றே முடிவு செய்திருந்தாள். எழுந்தாள். செருப்பை மாட்டினாள். ஷிப்டு பஸ்கள் நின்ற ரோட்டில் இறங்கி, ஒன்றிய அலுவலகம் போகணும், நாமினேஷன் போடணும் என்று ஷேர் ஆட்டோக்காரரிடம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.