நாலரை முயல்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்காவுடையது. அருங்காட்சியகத்தில் பழைய உலோகப் பொருள்களைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தாள். அங்கே கை தவறியதை என்னிடம் சொல்லிவிட்டு, "எங்கயாவது எழுதித் தொலைக்காத" என்றாள். அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

'தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞன்...'

(அடித்துவிட்டேன். அவனை எனக்குத் தெரியாது.)

தெரிந்தது இவ்வளவுதான். உள்ளங்கை அகல வெள்ளிக் கிண்ணம். விளிம்பைச் சுற்றி ஐந்து முயல்கள் ஓடுகின்றன. வெள்ளியில் கோடு செதுக்கி, வெள்ளியும் செம்பும் ஈயமும் கந்தகத்தோடு உருக்கிய கலவையை அதில் நிரப்பி மெருகேற்றியிருக்கிறார்கள். கறுப்புதான் அங்கே ஓவியம். ஐந்தாவது முயலின் மேல் அழுக்கு அப்பியிருந்தது. அக்கா ஊசியால் சுரண்டினாள். அழுக்கோடு, நாட்பட்டுப் பொடிந்திருந்த கறுப்பும் வந்துவிட்டது. பின்னங்கால்கள் போயின.

3

'அக்கா உடனே துறைத்தலைவரிடம் ஓடினாள்' என்று எழுதி, மனம் கேட்காமல் அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"யாருடா இந்த உத்தமி?"

"நீதான்."

"நான் எங்க ஓடினேன்? கால் போன பள்ளத்துல கறுப்பு மெழுகை உருக்கி ஊத்தினேன். நாலு நாள் வாயே திறக்கல. அந்த நாலு நாளை எங்க தூக்கிப் போட்ட?"

"உன்னத் தப்பா நினைப்பாங்களேன்னு..."

"நினைக்கட்டும். எழுதுறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்கா எழுது."

4

ஒழுங்காக எழுதுகிறேன். ஐந்தாம் நாள் துறைத்தலைவர் வந்தார். கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சுலயும் இந்த முயல்தாம்மா உயிரோட ஓடுது. அந்தக் காலத்துக் கையே தனி."

திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாளாம். பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.

"சார், அந்தப் பின்னங்கால் நான் போட்டது."

(இங்கே அவர் முகத்தை மூன்று வாக்கியங்களில் வர்ணித்திருந்தேன். நான் அங்கே இல்லை. எடுத்துவிட்டேன்.)

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெழுகை எடுத்துடும்மா. நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் குடு" என்றார்.

எடுத்தாள். எழுதிக் கொடுத்தாள். அவளை மண்பாண்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். "இப்ப மொத்தம் நாலரை முயல்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் அவளோடு சேர்ந்து சிரித்ததில்லை.

5

போன வாரம் கிண்ணத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், அக்கா கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று அழுகிறாள். இன்னொன்றில், வாசலோடு திரும்பிவிடுகிறாள்.

நடந்தது வேறு. அவளை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனேன். கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பியபோது படியில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வாயெடுத்தேன்.

"பசிக்குதுடா. போலாமா?"

உள்ளே போனாளா, போகவே இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாள், அதனாலேயே கேட்கவில்லை. அவளை உங்களுக்கும் இப்போது கொஞ்சம் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், அந்தக் கால் மணி நேரத்தில் அவள்...