கம்பத்து வினிகர்

எங்கள் கடற்கரையில் சீசனுக்குக் கணக்கு ஒன்றுதான். நகராட்சி ஆட்கள் வந்து குளிக்கிற இடத்தைச் சுற்றிக் கடலுக்குள் வலை கட்டினால், கொட்டி உயிரை வாங்கும் ஜெல்லிமீன் காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கட்டாதவரை தாராளமாகக் குளிக்கலாம். கடல் என்னவோ எங்கள் வலையைப் பார்த்துத்தான் நடக்கும் என்கிற இந்த மடத்தனம் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் எங்கள் ஊருக்கே உரியது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஓடை பெருகிச் சாலை மூழ்கியது. வலை கட்டுகிறவர்களும் வரவில்லை, சரக்கு லாரியும் வரவில்லை. ஞாயிறு மதியம் ரேலீனின் மீன் சிப்ஸ் கடையில், வறுவல்மேல் தெளித்துக்கொள்ளும் வினிகர் தீர்ந்துபோனது. கடை நிறைய, ஊரில் மாட்டிக்கொண்ட விடுமுறைக்காரர்கள். சாலை திறந்தால் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் தெற்கே ஓடிவிடுவார்கள். பிறகு குளிர்காலம் வரும்வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ரேலீன் மணலில் இறங்கினாள். ஜெல்லிமீன் கொட்டியவர்கள்மேல் ஊற்றி விஷ இழைகளை அடக்குவதற்காகக் கரையோரக் கம்பத்தில் வைத்திருந்த வினிகர் பாட்டில்களை எடுத்து வந்தாள்.

எண்ணெய்ச் சட்டி முன் நின்ற அவள் புருஷன் டாரில் முகம் சுளித்தான். "அது அவசரத்துக்கு வெச்சது, ரே."

"வலையே இன்னும் கட்டல, எவனுக்கு என்ன அவசரம்? லாரி வந்ததும் வாங்கி வெச்சிடறேன். ரெண்டு பாட்டில்தானே! நீ மீனைக் கருக்காம பாரு."

"உன்கிட்ட பேசி நான் ஜெயிக்கவா?" என்று டாரில் சிரித்தான். வினிகர் சின்னக் குப்பிகளில் மேசை மேசையாகப் போனது.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் டாரில் துண்டைத் தோளில் போட்டான். "உடம்பெல்லாம் எண்ணெய் நாத்தம். ஒரு முங்கு போட்டுட்டு வரேன்." காற்றே இல்லை. கடல் அசையாமல் கிடந்தது.

இடுப்பளவு தண்ணீரில் அவன் போட்ட அலறல் கடைவரை கேட்டது.

ரேலீன் ஓடினாள். பக்கத்து வீட்டு பெவ் அதற்குள் அவனைக் கரைக்கு இழுத்திருந்தாள். காலிலும் வயிற்றிலும் ஜெல்லிமீனின் இழைகள் நூல் நூலாக ஒட்டியிருந்தன. தோல் சவுக்கடி பட்டதுபோல் தடித்தது.

"கை வெச்சுத் தேய்க்காத! வினிகர் கொண்டா, சீக்கிரம்!" என்று பெவ் கத்தினாள்.

கம்பத்தைப் பார்த்து ஓடப்போன ரேலீனின் கால் நின்றுவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

கடைக்கு ஓடி மேசைகளிலிருந்து குப்பிகளைப் பிடுங்கினாள். எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம்தான். "ஐயோ, நானே ஊத்தித் தீர்த்துட்டேனே!" என்று அழுதபடி கொண்டுவந்து கொட்டினாள். அது ஒரு காலுக்குத்தான் காணும். மிச்ச நூல்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. டாரிலின் மூச்சு நின்றது.

இருவரும் மாறி மாறி அவன் நெஞ்சை அழுத்தினார்கள். "மூச்சு விடுடா! என்னை விட்டுட்டுப் போயிடாதடா!" ஹெலிகாப்டர் வந்து அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டது. நெஞ்சு துடிக்கிறது என்றார்கள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ரேலீனுக்கு அதில் இடமில்லை, பின்னாலேயே போகலாமென்றால் சாலையும் தண்ணீருக்கடியில்.

மறுநாள் காலை ரேலீன் வீடு வீடாகப் போய்ச் சமையலறை வினிகரை வாங்கிப் பாட்டில்களை நிரப்பினாள். கம்பத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். கையிலிருந்த போன் அடிக்கவே இல்லை.

கூடாரம் போட்டுத் தங்கியிருந்த விடுமுறைக்காரன் ஒருவன் தட்டோடு வந்தான். "கடை மூடியிருக்கே? மீன் வறுத்தேன். இதுல கொஞ்சம் ஊத்திக்கறேன். ரெண்டு சொட்டுதானே!"

ரேலீன் எழுந்து கம்பத்தை மறைத்து நின்றாள்.

"நானும் நேத்து அப்படித்தான் சொன்னேன். ஊருக்குப் பொதுவா வெச்சதுல கை வெச்சா, யாரோ ஒருத்தரோட உயிர்ல கை வெச்சதா அர்த்தம். நான் என் புருஷன் உயிர்லயே கை வெச்சுட்டேன். நீ போ, உப்பு போட்டுத் தின்னு."