கம் படாத இடம்

தனேஸ்வரன் ஆள் நெட்டை. தலையில் எண்ணெய் வழியாமல் வாசல் தாண்டமாட்டான். பத்து வருஷம் அந்தத் தலை உரசி உரசி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே காரின் கூரைத் துணியில் வட்டமாக ஒரு கறை படிந்திருந்தது. அவன் செத்து மூன்று மாதத்தில் துணி முழுக்கப் பிய்ந்து தொங்கியது. கறை பட்ட இடம் மட்டும் தொங்கவில்லை.

அவன் மனைவி குமுதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரை இரும்புக் கடைக்குத் தள்ளச் சொன்னவர்களைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். குனோங் ராபாட் வீட்டிலிருந்து இனி வேலைக்கு இதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கார் சாமான் கடை அப்பாவு அண்ணன் புதுத் துணியும் அதை ஒட்ட ஒரு டின் ஸ்பிரே கம்மும் எடுத்து வைத்தார். கறை பட்ட இடம் மட்டும் விழவில்லை என்று சொன்னதும் அவர் கை நின்றது.

"எண்ணெய் பட்ட எடத்துல கம் நிக்காது லா, தங்கச்சி. மொதல்ல விழறதே அந்த எடந்தான்."

சனிக்கிழமை குமுதா கூரை அட்டையைக் கழற்றி வெளியே போட்டாள். மக்கிப்போன பஞ்சு மஞ்சள் தூளாக உதிர்ந்து மூக்கில் ஏறியது. சுரண்டித் துடைத்து, அட்டையிலும் துணியிலும் கம் அடித்து, பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஒட்டினாள். ஓட்டுநர் பக்கம் வரும்போது டின் காலி. அந்த மூலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டையை மாட்டிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கதவைத் திறந்தாள். கம் படாத துணி தொங்கவில்லை. ஒரு தலை அளவுக்கு வட்டமாக மேல்நோக்கி அழுந்தியிருந்தது. தொட்டாள், விரல் வழுக்கியது. தேங்காயெண்ணெய் வாசனை. கதவைச் சாத்த மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பலதா எட்டிப் பார்த்தாள். ஆயர் தாவாரில் அவள் பிறந்த எஸ்டேட்டில், ரப்பர் பால்மரத்தடியில் விழுந்து செத்தவனுக்குப் பதினாறு நாளும் அந்த மரத்தடியில்தான் தண்ணீர் வைத்தார்களாம். மூச்சு நின்ற இடத்தை விட்டு உயிர் தானாக வராதாம்.

"ஒம் புருஷன் கிளினிக் வாசல்ல, இந்த சீட்டுலதானே உயிர விட்டாரு. நீ தண்ணிய எங்க வச்ச?"

வீட்டில், அவன் படத்துக்கு முன்னால். பதினாறு நாளும்.

அப்படியென்றால் மூன்று மாதமாக அவன் இங்கே தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறான். குமுதா ஓடிப்போய் அவன் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டினாள்.

சாயங்காலம் திறந்தபோது டம்ளரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏறி அவன் இடத்தில் உட்கார்ந்தாள். கம் படாத துணி மெதுவாக இறங்கி அவள் உச்சந்தலையில் படிந்தது. வெறும் துணி. எண்ணெய் வாசனைகூட இல்லை.

இன்னும் ஒரு வாரம் அவனைத் தாகத்தோடேயே விட்டிருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை.