வரேன் என்று போனவள்

மெஷின் ரிப்பேர்காரர் எண்ணெய் போட்டுக் கொடுத்த தையல் மெஷின்களெல்லாம் அவருடைய காதல் தோல்விப் பாட்டைப் பாடின. மிதித்தால் பாடும், காலை எடுத்தால் நிறுத்தும். நூல் அறுவது, ஊசி ஒடிவது மாதிரி இதுவும் ஒரு கோளாறு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

எதிர்க்கடையில் பட்டன் விற்ற பெண்ணும் அவரும் இரண்டு வருடம் பழகினார்கள். வீட்டில் வேறு இடம் முடிவு செய்துவிட்டார்கள் என்று ஒரு மாலை வந்து சொன்னாள். அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், "சரி, வரேன்" என்று படியிறங்கினாள். நல்ல மனிதர், அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டார். வரேன் என்றாளே, வந்துவிடுவாள். காத்திருந்து காத்திருந்து, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவர் முணுமுணுத்ததுதான் 'வரேன்னு சொன்னவளே, வழியா மறந்துபோச்சு' என்ற பாட்டு. எண்ணெயோடு அதுவும் உள்ளே இறங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். சீருடை தைக்கும் கம்பெனியில் ஒரு ஹால் முழுக்க மெஷின்கள் சேர்ந்து பாடியதில் தைப்பவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். சட்டைக் கைகளெல்லாம் கோணிப்போயின. சூப்பர்வைசர் பிரிந்த மனைவியைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார். பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த ஜோடிகள் கைகோத்து நடந்தார்கள். அவள் காதில் விழட்டும் என்று ரிப்பேர்காரர் தூரத்துத் தெருக்களுக்கெல்லாம் போய் எண்ணெய் போட்டார். ஆறு வருடம் ஓடியது. கேட்க வேண்டியவளைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

"ஊர்ல உள்ளவங்க காதலையெல்லாம் சேத்து வைக்கிற. உனக்கு ஒண்ணு நடக்குதாடா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் வந்தேவிட்டாள், வண்டியில் ஒரு மெஷினோடு.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். இந்தப் பாட்ட எடுத்துருங்க. பாப்பா தூங்கவே மாட்டேங்குது."

"யார் பாட்டுன்னு தெரியுதா?"

"தெரியாமலா? ஆனா நான் எப்பங்க வரேன்னு சொன்னேன்?"

"இதே படியில நின்னு சொன்னியே!"

அவள் நிஜமாகவே விழித்தாள். "கிளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே அது? மூஞ்சிக்கு நேரா போறேன்னா சொல்வாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. தினமும் பத்து வீட்டு வாசலில் அவரே அப்படித்தான் சொல்லிவிட்டு வருகிறார். அத்தனை வருடமும் ஒரு மரியாதைப் பேச்சுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவள்மேல் கோபப்படவும் வழியில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். பாட்டு எந்தப் பாகத்திலும் இல்லை. திரும்ப மாட்டி மிதித்ததும் முன்னைவிட உருக்கமாகப் பாடியது. "இது எடுக்க வராதும்மா. தையல் நல்லா விழும்" என்றார். அவள் மெஷினை ஏற்றிக்கொண்டு, "சரி, வ..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குப் பின் அவர் பாடவில்லை. மெஷின்கள் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாகக் குடிவருபவர்கள் ஒரு வாரம் விசாரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். ரிப்பேர்காரருக்குத்தான் இன்னும் பழகவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எண்ணெய் போடுகிறார். அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.