பைப்புச் சத்தம்

மணி ரெண்டு தட்டு தட்டினால் நீலச் சட்டைக்காரர் யாரும் கண்ணில் படக்கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரோ, வேறு பெரிய மனிதர்களோ சுற்றிப் பார்க்க வந்தால் மணி அடிக்கும். உடனே வாளி, துடைப்பம், ஆள் எல்லாம் மறைந்துவிட வேண்டும். பின்படியில் இறங்கலாம், சாமான் அறைக்குள் நுழையலாம், அது அவரவர் சாமர்த்தியம். தரை மட்டும் முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். யார் கை பட்டு அது பளபளத்தது என்று தெரியக்கூடாது.

"பேய்கூட என்னைக்காவது யார் கண்ணுலயாவது படுது. நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல," என்பாள் ரேடியோ.

ரேடியோ என்பது வேலைக்காரிகள் வைத்த பெயர். வாயை மூடினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாணவிகள் தங்கும் விடுதியில் மேல்மாடி அவள் பொறுப்பு. அவளுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவள் அவளுடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. இடுப்பில் எப்போதும் தொங்கும் கொத்தை வைத்துச் சாவிக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே பையன்கள் விடுதிக் கக்கூஸுக்கு மாற்றிவிடுவாள்.

சாவிக்காரியும் ஒரு காலத்தில் துடைப்பம் பிடித்தவள்தான். அதனாலேயே மற்றவர்களை அதிகம் விரட்டினாள். புதுப் பணக்காரன் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்தக் கதைதான். ஒரு நாள் சின்ன வகுப்புப் பெண்ணொருத்தி சாமான் அறையிலிருந்து பினாயில் பாட்டிலை எடுத்துப் பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வார்டன் அம்மா சாவிக்காரியை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நடை வழியில் எந்தக் கதவு லேசாகத் திறந்திருந்தாலும் கை தானாகப் போய் இழுக்கும், சாவி தானாகத் திரும்பும். மனசு வேறெங்கோ இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்துவிடும்.

அந்த வாரம் அவள் மனசு ஒரே இடத்தில்தான் இருந்தது. சீமையிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடத்தின் அங்கீகாரம் அவர்கள் கையில். வார்டன் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்:

"இது மட்டும் நல்லபடியா முடியட்டும். உன்னை காண்ட்ராக்ட்லேர்ந்து எடுத்து ஸ்கூல் ஆளாவே போட்டுடறேன். உன் பொண்ணுக்கு அடுத்த வருஷம் இங்கேயே சீட்டு. ஃபீஸ் கிடையாது."

வீட்டில் இதைச் சொன்னபோது புருஷன் வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். அவனைவிட அதிகம் குதித்தவள் ரேடியோ.

"என் மருமக டை கட்டிக்கிட்டு வரப்போறாளா? ஆமா அண்ணி, இந்த வெயில்ல அந்தப் பிள்ளைங்க கழுத்துல எதுக்குச் சுருக்கு?"

"படிச்சது கீழ இறங்கிடக்கூடாதுல்ல, அதுக்கு," என்றான் அண்ணன்.

"அவ என்னை இங்கிலீஷ்ல திட்டணும். அதை நான் புரியாம கேக்கணும். அது போதும் எனக்கு."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே உள்ள சீக்கு. வாயில் அடித்துக்கொள்கிற பம்பு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். பைதான் வேலை இடத்துக்கு வரக்கூடாது. கீழே ஆயாக்கள் அறையில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். திருட்டுப் பயமாம்.

ஆய்வு நாள் அன்று எல்லாம் சொன்னபடியே நடந்தது. ஒன்றைத் தவிர. முன்படி வழியாக வர வேண்டியவர்கள், தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கும் வழியைப் பார்க்க வேண்டும் என்று பின்படி வழியாக ஏறிவிட்டார்கள். மணி தட்டியபோது ரேடியோ மாடிக் குளியலறையில் பிளீச்சிங் தண்ணீரை வாளி நிறையக் கலக்கி வைத்திருந்தாள். பின்படிக்கு ஓடினாள், கீழே பூட்ஸ் சத்தம். திரும்பி ஓடி, வாளியோடு சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது. கொஞ்சம் வாய் பிளந்தபடி நிற்கும்.

முன்படி வழியாக மூச்சிரைக்க ஏறி வந்த சாவிக்காரியின் கண்ணில் அந்தப் பிளவு பட்டது. கை போனது. இழுத்தது. சாவி திரும்பியது. அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது தன் சேலை மடிப்பைப் பற்றி.

அவர்கள் வந்தார்கள். சிவந்த முகத்தோடு ஒரு உயரமான கிழவர், நரைத்த கிராப்பு வைத்த ஒரு அம்மாள், எழுதிக்கொள்ள ஒரு இளைஞன். கூடவே வார்டன் அம்மா. வழி காட்ட மூத்த மாணவி ஒருத்தி, கோட்டில் நாலு பேட்ஜ். சுவரில் தங்க எழுத்தில் பழைய மாணவத் தலைவிகளின் பெயர்ப் பலகை. அதை அவள் காட்டிக்கொண்டே வந்தாள்.

நரைத்த அம்மாள் சாமான் அறைக்கு முன்னால் நின்றாள். ஏதோ கேட்டாள். வார்டன் அம்மா சாவிக்காரிக்குத் தமிழில் சொன்னாள்: "மருந்து, ஆசிட் எல்லாம் எங்க வெக்கறீங்கன்னு கேக்கறாங்க."

"இதுலதாம்மா. எப்பவும் பூட்டியே இருக்கும்."

அந்த அம்மாள் பிடியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டினாள். இளைஞன் குறித்துக்கொண்டான். வார்டன் அம்மா சாவிக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பல்லைச் சாவிக்காரி பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் உள்ளே இருமல் கேட்டது.

ஒரே ஒரு இருமல். பாதியில் அமுங்கியது. வேறு யாருக்கும் அது யாருடைய இருமல் என்று தெரியாது. சாவிக்காரிக்குத் தெரியும். பனிக்காலத்து விடியற்காலையில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டுத் தூக்கத்திலேயே திட்டியிருக்கிறாள். கதவுக்குக் கீழேயிருந்து பிளீச்சிங் நெடி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

கிழவர் புருவத்தைத் தூக்கினார். என்ன சத்தம் என்று கேட்கிறார் என்பது சொல்லாமலே விளங்கியது. எல்லாரும் சாவிக்காரியைப் பார்த்தார்கள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ஆளை மருந்தோடு பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் பார்ப்பார்கள். இளைஞன் அதையும் குறித்துக்கொள்வான். அப்புறம் காண்ட்ராக்ட் வேலையும் இல்லை, மகள் சீட்டும் இல்லை.

"பைப்பு," என்றாள் சாவிக்காரி. "தண்ணி ஏறுற சத்தம்."

வார்டன் அம்மா ஒரு நொடி அவள் கண்ணைப் பார்த்தாள். பிறகு சீமைக்காரர்களிடம் திரும்பி இனிமையாக மொழிபெயர்த்தாள். பழைய கட்டடம், பழைய குழாய். கிழவர் தங்கள் ஊர்க் கட்டடங்களைப் பற்றி ஏதோ வேடிக்கை சொன்னார். சிரித்தார்கள்.

அத்தோடு போயிருக்கலாம். வழிகாட்டி மாணவி அந்தக் கதவில் சாய்ந்தாற்போல் நின்றுகொண்டு விடுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். மனப்பாடம் செய்தது, பாதியில் நிறுத்தத் தெரியவில்லை. ஆங்கிலம் அதிகம் தெரியாத சாவிக்காரிக்கே 'ஃபேமிலி' 'ஃபேமிலி' என்று அடிக்கடி வந்தது புரிந்தது. நடுவில் கதவுக்குள்ளே நகம் பிராண்டுகிற மாதிரி ஒரு சத்தம். மாணவி அதைக் கேட்டாள். கேட்டது அவள் முகத்தில் தெரிந்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். நல்ல பயிற்சி.

அவர்கள் படுக்கைக் கூடத்துக்குள் நுழைந்ததும் சாவிக்காரி பின்தங்கினாள். கை இடுப்புக்குப் போனது. வார்டன் அம்மா முழங்கையைப் பிடித்தாள்.

"நீ வா. விரிப்பு எப்போ மாத்தறீங்கன்னு கேப்பாங்க."

"அம்மா, உள்ள எங்க நாத்தனாரு…"

"எனக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேணாம். நீதானே பைப்புன்னு சொன்னே? பைப்பு கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சாவிக்காரி போனாள். கட்டில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்கள். விரிப்பைப் பற்றிக் கேட்டார்கள். வாரம் ரெண்டு தடவை என்று சொன்னாள். தலையணை உறை? அதுவும்தான். ஜன்னல் வலை? மாசம் ஒரு தடவை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்குப் பிழைத்தது அவள் வாய்.

அவர்கள் முன்படியில் இறங்கின பிறகு ஓடினாள். சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. திறந்ததும் கதவோடு சேர்ந்து ரேடியோ வெளியே சரிந்தாள். உதடு நாவல்பழ நிறம். வாய்க்குள் தரை துடைக்கும் துணி. யாரும் திணிக்கவில்லை. இருமல் வெளியே கேட்கக்கூடாதென்று அவளே திணித்துக்கொண்டது.

முன்வாசலில் விருந்தாளிகளின் கார் நின்றதால் அந்த வழியாக ஆம்புலன்ஸ் வரக்கூடாது என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். பின்கேட்டில் சலவை வண்டி நின்றது. அழுக்கு விரிப்பு மூட்டைகளின் மேல் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மூட்டையில் பாதி, காலையில் அவளே உருவிக் கட்டியது.

சாயங்காலம் சாவிக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரேடியோவின் முகத்தை மூடியிருந்த மருந்துப் புகை மாஸ்க்கை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். புருஷன் கட்டில் ஓரத்தில் இருந்தான்.

"எப்படிடி இது? கதவு எப்படிப் பூட்டிக்கிச்சு?" என்று தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

சாவிக்காரி வாயைத் திறப்பதற்குள் ரேடியோ சொன்னாள். குரல் தகரத்தில் கீறின மாதிரி இருந்தது.

"நானேதான் இழுத்துச் சாத்துனேன். தாழ் விழுந்துடுச்சு. அண்ணி பாவம், அவங்களுக்குத் தெரியாது. போய் டீ வாங்கிட்டு வா, அண்ணா. தொண்டை எரியுது."

அவன் போனான். சாவிக்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பெரிய மனசு…"

"நிறுத்து." ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ பூட்டினப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என்னை மறைக்கத்தான் பூட்டுறே, புத்திசாலிதான் நீன்னு உள்ள சிரிச்சேன். அப்புறம் பைப்புன்னு சொன்னே பாரு, அதையும் கேட்டேன்."

"பொண்ணுக்காகத்தான்…"

"நானும் பொண்ணுக்காகத்தான் வாய மூடுறேன். அவ எங்க அண்ணன் ரத்தம். நீ யாரு? எங்கேயிருந்தோ வந்தவ. அண்ணன்கிட்ட சொன்னா உன்னை வெட்டிட்டு உள்ள போவான். அப்புறம் எங்களுக்குச் சோறு யாரு போடுறது? நீயா?"

ரேடியோ தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"நாளை கழிச்சு வேலைக்கு வந்துடறேன். இனிமே கீழ்மாடியில போடு. அந்த மாடி ஏற மாட்டேன்."

இதைச் சொல்லத்தான் சாவிக்காரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"உன்னை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மூச்சு வியாதிக்காரங்கள வெச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்துக்குத் தொந்தரவாம்."

"யாரு சொன்னது?"

"வார்டன் அம்மா."

"நீ என்ன சொன்னே?"

சாவிக்காரி ஜன்னலைப் பார்த்தாள். "சரின்னேன்."

ரேடியோ அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு இழுப்பானது. இழுப்பு நிற்காமல், பம்பைத் தேடிக் கை மெத்தையில் துழாவியது. சாவிக்காரி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். ரேடியோ அந்தக் கையைத் தட்டிவிட்டு, கீழே விழுந்ததைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

டீ டம்ளர்களோடு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான். தங்கை முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, சிரிச்சுட்டா. பொழைச்சுக்குவா," என்றான். "என்ன பேசிக்கிட்டீங்க ரெண்டு பேரும்? எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல?"